சிக்கனமாக ஓர் ஐரோப்பா

ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது. ஆக, சிக்கனப் பயணத்தில் வீட்டை விட்டுக் கிளம்பாமலேயே செலவு செய்ய வழியிருக்கிறது.

நம் நடுத்தரக் குடும்பஸ்தர் இதற்கெல்லாம் அசருகிறவரா? மலிவு விமானத்தில் 'பாரிஸ்' என்று டிக்கெட் போடுவார். இறங்குவது போவே என்ற ஊரில். பாரிஸ் அங்கிருந்து சுமார் 85 கிலோமீட்டர். மதுராந்தகத்தில் இறக்கிவிட்டு 'சென்னை வந்தாச்சு' என்கிற மாதிரி. கைப்பையில் வைத்த தக்காளித் தொக்கையும் பல விமான நிலையங்களில் திரவம் என்றே சொல்வார்கள். 100 மில்லிக்கு மேல் போனால் குப்பைத் தொட்டிதான்.

பிறகு கழிப்பறை. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் 1 யூரோ போட்டால்தான் கதவு திறக்கும். "நூறு ரூபாயா!" என்று வீட்டம்மா அதிர்வார். அதே மதிப்புக்கு ஒரு சீட்டு தருவார்கள், பக்கத்துக் கடையில் கழித்துக்கொள்ளலாம். சீட்டை வீணாக்க மனசு வருமா? கூடக் காசு போட்டுக் காபி குடிப்பார்கள். காபி குடித்தால் மறுபடி கழிப்பறை.

ரோமில் மட்டும் தெருக்குழாய்கள் 2,000-க்கு மேல் உண்டு. குளிர்ந்த நல்ல தண்ணீர், காசில்லாமல். பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.