சேஃப்டி சார் வர்றார், ஹெல்மெட்டைப் போடு!

ஒரகடத்திலோ ஓசூரிலோ ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். திடீரென்று எல்லார் கையும் தலைக்குப் போகும். கழுத்தில் தொங்கிய இயர் பிளக் காதுக்குள் போகும். நெற்றியில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கும். கிரேனுக்கு அடியில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தவர், பிறந்ததிலிருந்தே மஞ்சள் கோட்டுக்குள்தான் நிற்கிறேன் என்ற முகத்தோடு நகர்ந்து நிற்பார். சேஃப்டி சார் ரவுண்ட்ஸ் வருகிறார் என்று அர்த்தம். அவர் தலை மறைந்ததும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் சில நாள் திரும்பவும் வருவார்.

பச்சை ஹெல்மெட், பளபளக்கும் ஜாக்கெட், கழுத்தில் விசில், கையில் செக் லிஸ்ட். அவருடைய மொபைலில் பிள்ளைகளின் படத்தைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். உரிந்த ஒயர், மூடாத குழி, தீயணைப்பானை மறைத்து அடுக்கிய அட்டைப் பெட்டி, இவைதான் வரிசையாக வரும்.

ஆயிரம் பேர் வேலை பார்த்தால் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை வைத்தே ஆக வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2020-ல் வந்த சட்டத் தொகுப்பு அதை 500 பேர் என்று குறைத்தது. ஆகவே இவர் பல கம்பெனிகளில் ஆசைப்பட்டு அழைத்த விருந்தாளி அல்ல, சட்டம் அனுப்பிவைத்த விருந்தாளி. அவருக்கு ஒதுக்கியிருக்கும் அறையைப் பார்த்தாலே அது புரியும். ஸ்கிராப் யார்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

உலகத்தை அவர் இரண்டு எண்களால் பார்ப்பவர். நடப்பதற்கான வாய்ப்பு ஒன்றிலிருந்து ஐந்து, நடந்தால் வரும் விளைவு ஒன்றிலிருந்து ஐந்து. இரண்டையும் பெருக்கினால் அபாயத்தின் மார்க். இருபத்தைந்து வாங்கினால் முதல் ரேங்க். அதிகமானால் சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், குறைவு பச்சை. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் கை பெருக்கிக்கொண்டேதான் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறித் தோரணம் கட்டும் பெண்ணின் தாய்மாமனைப் பார்த்து, “வாய்ப்பு நாலு, விளைவு நாலு, பதினாறு. மாமா, முதல்ல இறங்குங்க!” என்பார். மொய் எழுதும் முன் அவசர வழி எங்கே என்று கேட்பார். அந்த வழியில்தான் பந்தியின் காலி சிலிண்டர்கள் இருக்கும். வீட்டில் குக்கர் ஏற்றும்போது அவர் மனைவி கறாராகச் சொல்லிவிடுவார்: “மூணு விசில் எண்ண எனக்குத் தெரியும். நீங்க ஹால்ல போய் உட்காருங்க.”

காலை ஷிப்ட் தொடங்குமுன் டூல் பாக்ஸ் டாக் என்ற பாதுகாப்புப் பேச்சு. லைனில் நிற்கும் கான்ட்ராக்ட் பையன்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். சார் செந்தமிழில் உருகி உருகிப் பேசுவார். அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். “புரிஞ்சுதா?” என்றாலும் ஆட்டுவார்கள். “புரியலையா?” என்றாலும் அதே ஆட்டல்தான். வருகைப் பதிவில் கையெழுத்து விழுந்ததும் பயிற்சி முடிந்தது.

மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதிப் போட ஒரு பெட்டி உண்டு. நல்ல ஏற்பாடுதான். டிபார்ட்மென்டுக்கு மாதம் பத்துச் சீட்டு வரணும் என்று மேலிடம் டார்கெட் போட்டதும் பெட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. “கேன்டீனில் சாம்பார் சிந்தியிருந்தது. வழுக்கவிருந்தேன். வழுக்கவில்லை.” எட்டுச் சீட்டு இந்த ரகம், அதில் ஆறு ஒரே கையெழுத்து.

மார்ச் 4 அவருக்குத் தீபாவளி. தேசியப் பாதுகாப்புக் குழு 1966-ல் உருவான நாள் அது. அன்று எல்லார் சட்டையிலும் பேட்ஜ், எல்லார் வாயிலும் உறுதிமொழி. வாசகப் போட்டியில் ஜெயிப்பவருக்கு ஹாட் பாக்ஸ். பரிசை வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து வண்டியோட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கேட்டில் ஒரு பெரிய பலகை: ‘விபத்தில்லா நாட்கள்’. அடிபட்டவர் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டம் போட்ட விதி. சில நிர்வாகங்கள் இதற்கும் வைத்தியம் கண்டுபிடித்திருக்கின்றன. விரலில் கட்டோடு இருப்பவரைக் கம்பெனி கார் போய் அழைத்து வரும். டிரெயினிங் ரூமில் ஒரு நாற்காலி, தந்தி பேப்பர், இரண்டு டீ, ‘லைட் டியூட்டி’. பலகையில் எண் ஒன்று கூடும்.

நம் சாரின் உண்மையான சோதனை கஸ்டமர் ஆடிட்டுக்கு முந்தின நாள் வருகிறது. டை என்ற அச்சுக்குள் கை விட்டுப் பீஸ் எடுக்கும் ஒரு பழைய பிரஸ். வாய்ப்பு நாலு, விளைவு ஐந்து, இருபது. செக்கச் சிவப்பு. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து நிற்பார்: “சார், சிவப்பு கண்ணை உறுத்துது. ஏதாவது பண்ணுங்க.”

பண்ண வேண்டியது என்ன என்று பாடப் புத்தகத்தில் வரிசையாக இருக்கிறது. முதலில் அபாயத்தையே ஒழி. முடியாவிட்டால் குறைந்த அபாயம் உள்ளதை மாற்றி வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு போட்டு ஆளையும் அபாயத்தையும் பிரி. பிறகு வேலை முறையும் பயிற்சியும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கையுறையும் ஹெல்மெட்டும். கம்பெனிகள் இந்த வரிசையைக் கீழேயிருந்து படிக்கின்றன, முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிடுகின்றன. கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் லைட் கர்ட்டனுக்குப் பணம் வேண்டும், லைனை நிறுத்த வேண்டும். கையுறை மலிவு. “புதுக் கையுறை கொடுத்தாச்சு” என்று எழுதி, வாய்ப்பை நாலிலிருந்து இரண்டாக்கினால் இருபது பத்தாகிறது, சிவப்பு மஞ்சளாகிறது. எக்செல்லில் அபாயம் பாதியாகக் குறைந்துவிட்டது. டைக்குள் கை மட்டும் முன்பு போனபடியே போய்க்கொண்டிருக்கிறது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விசில் அவர் கழுத்தில், சுவிட்ச் வேறொருவர் கையில். மற்றவர்கள் பீஸ் கணக்குக் காட்டிச் சம்பள உயர்வு வாங்கும்போது அவர் காட்டக்கூடியது பூஜ்யம் ஒன்றுதான்.

“இந்த வருஷம் என்ன சாதிச்சீங்க?”

“எதுவுமே நடக்கல சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

1984-ல் போபால் விஷவாயுக் கசிவு நடந்த பிறகுதான், 1987-ல், அபாயகரமான தொழில்களுக்கென்று தொழிற்சாலைச் சட்டத்தில் தனி அத்தியாயம் சேர்த்தார்கள். எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்பவரின் மதிப்பு நடந்த பிறகே தெரிவது நம் நாட்டு வழக்கம்.

ஆகவே முதலாளிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். விசிலோடு அவருக்கு சுவிட்சையும் கொடுங்கள். அவர் சிவப்பு என்று எழுதினால் சிவப்பாகவே இருக்கட்டும். கண்ணை உறுத்தினால், கையுறைக்கு ஆர்டர் போடாமல் தடுப்புக்குப் போடுங்கள்.