சட்டப்படி ஸ்பெகுலேஷன்

ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில் ‘ஸ்பெகுலேஷன்’ என்ற சொல் இரண்டு வேஷம் கட்டுகிறது. முதல் அத்தியாயத்தில் அது ஞானிகளின் தொழில்: எதையும் செய்யாமல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பது. பத்தாம் அத்தியாயத்துக்குப் போனால் ஒரு வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. இந்த வருஷம் தானியம், அடுத்த வருஷம் ஒயின், அதற்கடுத்து சர்க்கரையோ புகையிலையோ தேயிலையோ. லாபம் தூக்கலாக இருக்கும் என்று மூக்கு சொன்ன இடத்தில் குதிப்பான், சரியும் முன் எழுந்து வந்துவிடப் பார்ப்பான். ஞானி தவறினால் மறுபதிப்பில் திருத்திக்கொள்ளலாம். இவனுக்கு அந்த வசதி கிடையாது.

லத்தீனில் இந்தச் சொல்லின் பூர்வீகம் காவல் கோபுரம். பரண்மேல் இருந்தவன் கிளி விரட்டுவதை விட்டுவிட்டு, இந்த வருஷம் தினை என்ன விலை போகும் என்று யோசிக்க ஆரம்பித்தான். பிறகு அந்த யோசனையின் மேல் காசையும் வைத்தான். அவ்வளவுதான் வரலாறு. இன்றும் கூட்டணி பற்றிக் கேட்டால் ‘ஸ்பெகுலேட் பண்ண விரும்பலை’ என்று நழுவும் தலைவர் பரணில் இருக்கிறார். என் மச்சான் காசு வைத்த கட்சி.

அவர் காலையில் பங்கு வாங்கி மாலைக்குள் விற்றுவிடுகிறவர். இதை அவர் முதலீடு என்கிறார். என் மாமியார் சூதாட்டம் என்கிறார். வருமான வரிக் கணக்கு எழுத உட்கார்ந்த ஆடிட்டர், இருவருக்கும் பொதுவாக, ‘ஸ்பெகுலேட்டிவ் பிசினஸ்’ என்றார்.

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஸ்பெகுலேஷன்னா குத்துமதிப்பா அடிச்சு விடறதுதானே சார்? நான் சார்ட் பார்த்துல்ல வாங்குறேன்?”

“நீங்க பஞ்சாங்கமே பார்த்து வாங்கினாலும் சரி. சரக்கு கை மாறாம கணக்கு முடிஞ்சா அது ஸ்பெகுலேஷன். 1961 சட்டம், 43(5).”

நஷ்டத்தை இதே ரக லாபத்தில்தான் கழிக்க முடியுமாம். நாலு வருஷம் வரை சுமந்துகொண்டு போகலாமாம். “இன்னும் நாலு வருஷமா?” என்றார் மாமியார்.

ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சந்தையில் முறைப்படி ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடினால் அது ஸ்பெகுலேஷன் ஆகாது. சாதாரண வியாபாரம், மளிகைக்கடை மாதிரி. அந்த மளிகைக்கடையில் 2021-22 முதல் 2023-24 வரை இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் கணக்குச் சொன்னது. மச்சான் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. “அப்ப அதுக்கே மாறிடறேன் சார். கௌரவமா இருக்கு.”

நான் நியூட்டனை இழுத்துப் பார்த்தேன். 1720-ல் சவுத் சீ கம்பெனிப் பங்கை நல்ல லாபத்துக்கு விற்றவர், விலை மேலும் ஏறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் திரும்ப வாங்கிப் பெருந்தொகையை விட்டார். “அவர்கிட்ட ஸ்டாப் லாஸ் இல்லை” என்றார் மச்சான்.

ஸ்பெகுலேஷன் என்ற பெயரில் ஒரு சீட்டாட்டமே உண்டு. துருப்புச் சீட்டை ஏலம் பேசி வாங்கி விற்கும் ஆட்டம். ஜேன் ஆஸ்டினின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) நாவலில் லேடி பெர்ட்ரம், எனக்கு எது சரிப்படும், விஸ்ட்டா ஸ்பெகுலேஷனா என்று கணவரைக் கேட்பாள். அவர் விஸ்ட் ஆடுகிறவர். மனைவி தனக்கு ஜோடியாக வந்துவிடக் கூடாதே என்ற கவலையோ என்னவோ, ஸ்பெகுலேஷன் பக்கம் அனுப்பிவிடுவார். ஆட்டம் முழுவதும் பக்கத்தில் இருந்த இளைஞனே அவளுக்காக ஆடுவான். தன் சீட்டையே அவள் பார்க்கக் கூடாது. எப்படி இருந்தது என்று கணவர் விசாரித்தால், ரொம்ப சுவாரஸ்யம், ஆனால் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை என்கிறாள். மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் கட்டும் எனக்கு, இலக்கியத்தில் இவ்வளவு நெருக்கமான பாத்திரம் வேறு கிடைத்ததில்லை.