மோதிரக் கைக் குட்டு

நாட்டிங்ஹாம் என்றால் நம்மில் பலருக்கு டிரென்ட் பிரிட்ஜ் கிரிக்கெட் மைதானம் நினைவுக்கு வரும். கதைப் புத்தகம் படித்து வளர்ந்தவர்களுக்கு ராபின் ஹுட். இந்த இரண்டையும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், அறுபத்தைந்து வயதைத் தாண்டியவராகப் பார்த்து, சொல்லிப் பாருங்கள். கிரிக்கெட்டுக்கு ஒப்புக்குத் தலையாட்டுவார். ராபின் ஹுட்டுக்கு உதட்டைப் பிதுக்குவார். "அப்படி ஒரு ஆள் இருந்தானோ இல்லையோ, யார் கண்டது, மி டக்?" என்பார். (அந்த வட்டாரத்தில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருமே 'மி டக்'தான். கோபித்துக்கொள்ளக் கூடாது.) பிறகு உங்கள் முழங்கையைப் பிடித்து, சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெண்கலச் சிலையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். குதிரை இல்லை, வாள் இல்லை, கோட்டு சூட்டுகூட இல்லை. ஸ்வெட்டர் மாட்டிய ஒரு மனிதர். 2008-ல் ஊரார் காசு போட்டு வைத்த சிலை.

"இவர் இருந்தார்" என்பார். அத்துடன் உங்கள் மாலைப்பொழுது அவருடையது.

சிலையில் இருப்பவர் பிரையன் கிளஃப். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கால்பந்து அணிக்குப் பதினெட்டு ஆண்டுகள் மேனேஜர். முழங்கையைப் பிடித்தவருக்குக் கிளஃப்தாசர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கிளஃப் 1993-ல் ஓய்வு பெற்றார், 2004-ல் காலமானார். தாசருக்கு இந்த இரண்டு செய்திகளும் தெரியும். ஆனால் தன்னைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவுகள் என்பதால் அவற்றை அவர் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

வரலாற்றை அவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். 1975 ஜனவரியில் கிளஃப் வந்தபோது ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனில் பதின்மூன்றாம் இடம். 1977-ல் முதல் டிவிஷனுக்கு ஏற்றம். 1978-ல் இங்கிலாந்து சாம்பியன். 1979-ல் ம்யூனிக்கில் மால்மோவை வென்று ஐரோப்பியக் கோப்பை. 1980-ல் மாட்ரிட்டில் ஹாம்பர்கை வென்று மறுபடியும் அதே கோப்பை. நடுவில் 42 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல். உள்நாட்டு லீக்கை ஒரே ஒரு தடவை வென்றுவிட்டு ஐரோப்பாவை இரண்டு தடவை வென்ற அணி உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் பீரை ஒரு வாய் குடிப்பார்.

இதெல்லாம் முன்னுரை. இதற்குப் பிறகுதான் விசேஷம்.

கோல்களைப் பற்றிக் கேட்டால் தாசர் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். ம்யூனிக்கில் ராபர்ட்சன் இடப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட்டார், ட்ரெவர் ஃப்ரான்சிஸ் தலையால் முட்டினார், அவ்வளவுதான். ஆனால் அதே ஃப்ரான்சிஸ் இங்கிலாந்தின் முதல் பத்து லட்சம் பவுண்டு ஆட்டக்காரராக 1979 பிப்ரவரியில் வந்து இறங்கிய கதையைக் கேளுங்கள். தாசர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். உலகப் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் கேமராவோடு காத்திருக்கிறார்கள். கிளஃப் ட்ராக் சூட்டோடு, கையில் ஸ்குவாஷ் மட்டையோடு, ஏதோ ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது போல நுழைகிறார். பத்து லட்சம் கொடுத்து வாங்கிய பையனின் முதல் ஆட்டம் எது? ஐரோப்பாவா, வெம்ப்லியா? ஒரு பூங்கா மைதானத்தில், கீழ்நிலை அணியோடு, விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டத்துக்கு முன்னால். "தலை வீங்காமல் இருக்க வேண்டாமா?" என்பார் தாசர், தானே அந்த உத்தரவைப் போட்டதுபோல.

ஜான் ராபர்ட்சன் கதையும் இதே வார்ப்புதான். கொஞ்சம் தொப்பை, வாயில் சிகரெட், கசங்கிய உடை. அவரைக் கிளஃப் ஊர் அறியத் திட்டித் தீர்த்துவிட்டு, அதே வாயால் கால்பந்தின் பிக்காஸோ என்றார். தாசர் இந்தக் கதையில் திட்டுக்கு ஒதுக்கும் நேரம் பத்து நிமிடம், பிக்காஸோவுக்கு அரை நிமிடம். ராய் கீன் என்றொரு முரட்டு இளைஞர் 1991-ல் தன் கோல்கீப்பருக்குத் தவறாகப் பந்தைத் தட்டிவிட்டதற்காக உடைமாற்றும் அறையில் குத்து வாங்கியது, 1974-ல் கிளஃப் லீட்ஸ் அணிக்கு மேனேஜராகப் போனதுமே அந்தச் சாம்பியன்களைப் பார்த்து உங்கள் பதக்கங்களையெல்லாம் குப்பையில் போடுங்கள் என்றது, கிளஃபின் வாய் நீளத்தைக் கடல் கடந்து கேள்விப்பட்டு முகமது அலியே போதும் நிறுத்து என்று வேடிக்கையாக எச்சரித்தது, எல்லாம் வரிசையாக வரும். கவனித்துக் கேட்டால் ஒன்று புரியும். வெற்றி எதுவும் இவருடைய கதைகளின் மையத்தில் இல்லை. எல்லாக் கதையிலும் யாரோ ஒருவர் திட்டு வாங்குகிறார். கேட்பவர் பரிதாபப்படக் கூடாது, பொறாமைப்பட வேண்டும்.

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று நாம் பழமொழியாகச் சொல்வதை நாட்டிங்ஹாமில் மெய்யாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். 1989 ஜனவரியில் லீக் கோப்பைக் கால் இறுதியில் க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை ஃபாரஸ்ட் 5–2 என்று நொறுக்கியது. சந்தோஷம் தாளாமல் ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். எதிரே வந்தார் கிளஃப். கைக்கு எட்டியவன் காதோரம் ஒன்று, அடுத்தவனுக்கு ஒன்று. டிவி கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. கால்பந்துச் சங்கம் கிளஃபுக்கு 5,000 பவுண்டு அபராதம் போட்டு, எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கவும் தடை விதித்தது. இது சட்டம். நாட்டிங்ஹாமின் நியாயம் வேறு. அடி வாங்கிய இரண்டு பேர் பிறகு டிவி கேமராவுக்கு முன்னால் வந்து, அடித்தவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்! கிளஃப் பெருந்தன்மையோடு மன்னித்து, கன்னத்தில் ஒரு முத்தமும் வாங்கிக்கொண்டார்.

தாசர் இதைச் சொல்லும்போது முகத்தில் பெருமிதம் இருக்கும். அடியில் ஒரு மெல்லிய வலியும் இருக்கும். அன்று அவரும் மைதானத்தில் இருந்தார். கம்பியைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "ரெண்டடி முன்னால போயிருந்தா எனக்கும் விழுந்திருக்கும்" என்று முப்பது சொச்சம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால் பப்பில் ஒரு தகுதி வரிசை உண்டு. கிளஃபை டிவியில் மட்டும் பார்த்தவர்கள் கடைசிப் படி. மைதானத்தில் பார்த்தவர்கள் அதற்கு மேல். ம்யூனிக் போனவர்கள் அதற்கும் மேல், ஆனால் அந்தப் படியில் கூட்டம் அதிகம். ம்யூனிக் மைதானம் கொள்ளாத அளவுக்கு நாட்டிங்ஹாமிலிருந்து மட்டுமே ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று படுகிறது. உச்சப் படியில் இருப்பவர்கள் கிளஃபிடம் நேருக்கு நேர் திட்டு வாங்கியவர்கள். அவர்கள் வந்தால் ஜன்னலோர நாற்காலி காலியாகும்.

நம் தாசரும் உச்சப் படிக்கு ஒரு மனு வைத்திருக்கிறார். டிரென்ட் நதிக்கரையில் கிளஃப் நடந்து வந்தபோது இவர் வழியில் நின்றாராம், கிளஃப் ஏதோ சொன்னாராம். ஆரம்பத்தில் அது ஒரு வாக்கியமாக இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து இப்போது ஒரு சொற்பொழிவாகிவிட்டது, முடிவில் தலைமுடி வெட்டிக்கொள்ளும்படி அறிவுரையும் சேர்ந்திருக்கிறது. 'நகரு' என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் இருந்திருக்கும் என்பது அவர் மனைவியின் கருத்து.

மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர் யாராவது உங்கள் பேச்சை மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பேட்டியில் கேட்டதற்கு, உட்காரவைத்து இருபது நிமிடம் பேசுவோம், கடைசியில் நான் சொன்னதுதான் சரி என்று முடிவெடுப்போம் என்றார் கிளஃப். தாசர் இந்தக் கொள்கையை, அந்த மூக்கால் இழுக்கும் வடக்கத்திக் குரலோடு சேர்த்து, கல்யாணமான புதிதிலேயே வீட்டில் அமல்படுத்தினார். கொள்கை இன்றும் நடப்பில் இருக்கிறது. இருபது நிமிடம் இவர் பேசுவார். முடிவில் அந்த அம்மாள் சொன்னதுதான் சரி.

மைதானத்தில் ரசிகர்கள் கெட்ட வார்த்தையில் கோஷம் போட்ட காலத்தில் கிளஃப் ஒரு பலகை வைத்தார். பெரியோர்களே, தயவுசெய்து வசைச்சொல் வேண்டாம், இப்படிக்கு பிரையன் என்று. ஆயிரக்கணக்கான முரட்டு வாய்கள் அடங்கின. இதை நினைத்தால்தான் எனக்கு ஆச்சரியம். ஊரையே திட்டுகிற ஒருவர், ஊரைப் பார்த்துத் திட்டாதே என்கிறார், ஊரும் சரி என்கிறது! தாசர் அன்றிலிருந்து நடுவரைக்கூட 'அட, என்னப்பா இது' என்ற அளவில்தான் கண்டிக்கிறாராம். பேரன் அதை நம்பவில்லை. போன சனிக்கிழமை விஏஆர் என்கிற வீடியோ நடுவர் கோலை ரத்து செய்தபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

பேரனுக்கு வயது பத்தொன்பது. கிளஃப் இறந்த பிறகு பிறந்தவன். எல்லாம் போனில் பார்த்தவை. ஆனால் அந்த மூக்குக் குரலைத் தாத்தாவைவிட நன்றாகப் பேசுகிறான். "தாத்தா, அந்த ஆளு இப்ப இருந்தா ஒரே வாரத்துல ஹெச்ஆர் கூப்பிட்டு அனுப்பிடுவாங்க" என்றான் ஒரு நாள். தாசர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாவம்டா அந்த ஹெச்ஆர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் இடங்களும் உண்டு. கிளஃபின் துணை மேனேஜர் பீட்டர் டெய்லர் பேச்சு வந்தால் துடைப்பார். ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த பாதிக் கண் டெய்லருடையது. பிறகு டார்பி மேனேஜரான டெய்லர் ராபர்ட்சனை அங்கே எடுத்துக்கொண்டதில் 1983-ல் இருவருக்கும் முறிந்த பேச்சு, 1990-ல் டெய்லர் இறக்கும்வரை ஒட்டவே இல்லை. கிளஃபின் குடியைப் பற்றிக் கேட்டாலும் துடைப்பார். அப்போது கண்ணாடி சுத்தமாக இருந்தாலும் துடைப்பார்.

தாசருக்கு ஒரு மறுபிரதி உண்டு. இருபத்து நாலு கிலோமீட்டர் மேற்கே, டார்பியில். கிளஃப் 1967-ல் அங்கே போய் 1972-ல் அந்த அணியை முதல் தடவையாக இங்கிலாந்து சாம்பியனாக்கினார். இரண்டு ஊர்க்காரர்களும் சனி ஞாயிறு வந்தால் ஒருவரையொருவர் சபிப்பவர்கள். இரண்டு ஊரையும் இணைக்கும் சாலைக்குப் பிரையன் கிளஃப் பெயரையே வைத்துவிட்டதால், சபிக்கப் போவதும் அவர் வழியாகத்தான். இந்த டார்பிதாசரிடம் இரண்டு அஸ்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, "எங்க ஊர்ச் சிலையில டெய்லரும் இருக்கார்." இரண்டு, ஃபாரஸ்டில் வேலை பார்த்த பதினெட்டு ஆண்டும் கிளஃப் குடியிருந்தது டார்பி பக்கத்தில்தான். நம் தாசர் முதலாவதற்குக் கண்ணாடியைத் துடைப்பார். இரண்டாவதற்கு மட்டும் பதில் தயாராக இருக்கிறது: "தூங்கத்தானே போனார்?"

1993 மே முதல் தேதியை இரண்டு பேருமே மரியாதையோடு பேசுகிறார்கள். கிளஃப் ஓய்வை அறிவித்தாயிற்று. சொந்த மைதானமான சிட்டி கிரவுண்டில் ஷெஃபீல்ட் யுனைடெடிடம் 0–2 என்று தோற்று ஃபாரஸ்ட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. இறங்கிய அணியின் மேனேஜர் என்றால் எங்கும் கல்தான் விழும். இங்கே நின்று கைதட்டிப் பாடினார்கள், ஜெயித்துவிட்டுப் போக வந்த ஷெஃபீல்ட்காரர்களும் சேர்ந்து. தோல்விக்குக் காரணம் யார் என்று கேட்டால் தாசரிடம் பட்டியல் இருக்கிறது: டெஸ் வாக்கரை விற்றவர்கள், ஷெரிங்கமை விற்றவர்கள், ஸ்கை டிவி, புதிதாக வந்த பிரீமியர் லீக் என்கிற சமாசாரம், அந்த ஆண்டு மழை. கிளஃப் பெயர் பட்டியலில் இல்லை.

பின்னால் வந்த மேனேஜர்களை அவர் ஒரு பெருமூச்சில் கடந்துவிடுவார். ரான் அட்கின்சன் முதல் நாளே தவறிப் போய் எதிரணிக்காரர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார் என்பதை மட்டும் நிறுத்திச் சொல்வார். ஐரோப்பியக் கோப்பை வென்ற அணி 2005-ல் மூன்றாம் நிலை டிவிஷனுக்குச் சரிந்தது. கிளப்புக்கும் தாசரின் வியாதி தொற்றியிருந்ததால், கிளஃபிடம் திட்டு வாங்கியவர்களைத் தேடித் தேடி மேனேஜராக்கிப் பார்த்தார்கள். ஸ்டூவர்ட் பியர்ஸ் வந்தார், மார்ட்டின் ஓ'நீல் வந்தார், இருவரும் ஓராண்டு தாக்குப்பிடிக்கவில்லை. வசவு வாங்கத் தெரிந்தவர்களுக்கு வசவு கொடுக்க வரவில்லை. 2022-ல் ஸ்டீவ் கூப்பர் 23 ஆண்டுகள் கழித்து அணியை மேல் டிவிஷனுக்குக் கொண்டுவந்தபோது தாசர் அழுதார். "நல்ல பையன்" என்றார். "ஆனா எல்லார்கிட்டயும் ரொம்ப மரியாதையா பேசறான்."

இத்தனை ஆண்டுகளாக டார்பிதாசரும் நம் தாசரும் ஒரே குரலில் சிரித்த ஒரு விஷயம் லீட்ஸ். 1974-ல் கிளஃபை வேலைக்கு வைத்து 44-ஆம் நாள் விரட்டிய மடையர்கள். பொறுமை கெட்டவர்களுக்கு உதாரணம் தேவைப்பட்டால் இரண்டு ஊரிலும் நாற்பத்து நாலு என்று சொன்னால் போதும். 2025 செப்டம்பரில் ஃபாரஸ்ட் ஆஞ்ச் போஸ்டகோக்லூ என்பவரை மேனேஜராக்கியது. எட்டு ஆட்டம், ஒன்றில்கூட வெற்றி இல்லை. அக்டோபர் 18-ஆம் தேதி செல்சியிடம் 0–3 என்று தோற்று முடிந்து, ஆட்டம் பார்த்தவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் ஆளை அனுப்பிவிட்டார்கள். முப்பத்தொன்பதே நாள்.

அன்று மாலை டார்பியிலிருந்து போன் வந்தது. மறுமுனையில் ஹலோகூட இல்லை, எண்கள் மட்டும்தான்: "நாற்பத்து நாலு, முப்பத்தொன்பது."

தாசர் கொஞ்சமும் அசரவில்லை. "பார்த்தியா, இதுலயும் நாங்கதான் முந்தி" என்று சொல்லிவிட்டு வைத்தார்.