கூலி கேட்காத வேலையாட்களைக் கொல்வது எப்படி?

ஏலச் செடியின் எதிரிகளைத் தின்று வாழும் பூச்சிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: பில் போடத் தெரியாது. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, பொறிவண்டு, சிலந்தி எல்லாம் இந்த ரகம்தான். டீலருக்குக் கமிஷன் இல்லை, ஜி.எஸ்.டி. இல்லை, கம்பெனி செலவில் வெளிநாட்டு டூர் இல்லை. இப்படி ஒரு கூட்டம் ஏலமலையில் உயிரோடு இருந்தால் போடிநாயக்கனூர் பூச்சிமருந்துக் கடைகள் என்னாவது? ஆகவே கொன்றோம்.

கொல்வது சுலபம். ஏலச் செடியின் எதிரியான இலைப்பேன் இலையுறைக்குள்ளும் பூவிதழ் மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடி வெளியே அலைகிற வேட்டைக்காரன் மீதுதான் மருந்து முதலில் விழும். அவன் சாவான், ஒளிந்தவன் பிழைத்து, ஆளில்லாத காட்டில் குடும்பத்தைப் பெருக்குவான். பேன் கூடிவிட்டதே என்று அடுத்த வாரம் இன்னும் கடுமையாக அடிப்போம். ஏலப் பூ காயாக வேண்டுமானால் தேனீ வந்தே ஆக வேண்டும். அதற்கும் சேர்த்தே அடிப்போம். பாரபட்சம் கூடாது அல்லவா?

நம்மிடம் அறிவு இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். காப்பித் தோட்டத்துச் செதில் பூச்சியைத் தின்ன 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கிரிப்டோலேமஸ் பொறிவண்டைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த தேசம் இது. இன்று ஆய்வுக்கூடத்தில் நடப்பதைப் பாருங்கள். உடைத்த கம்புத் தானியத்தில் நெல் அந்துப்பூச்சியை வளர்க்கிறார்கள். அதன் முட்டையைக் கண்ணாடி இறக்கைப் புழுவுக்கு ஊட்டுகிறார்கள். பசித்தால் இந்தப் புழுக்கள் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி அறை. அரசு விடுதியில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்காத சௌகரியம்! இவ்வளவு சீராட்டி வளர்த்து, கண்காட்சி ஸ்டாலில் அமைச்சர் குனிந்து பார்க்கும்வரை உயிரோடு வைத்திருக்கிறோம்.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி வந்தது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இன்னொன்று வந்து, 2022-ல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது. அங்கெல்லாம் மருந்து கைவிரித்துவிட்டது. அதனால் குளவிக்கு ஜெயிக்க அனுமதி கிடைத்தது. ஏலமலையில் மருந்து இன்னும் விற்கிறது. அங்கே பூச்சிக்கு என்ன வேலை?

ஏலமலையில் பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையம் 1956-லிருந்து இருக்கிறது, மயிலாடும்பாறை 1978-லிருந்து. வேர்ப்புழுவைக் கொல்லும் நூற்புழுவை வளர்த்துக் கொடுக்கவும் மயிலாடும்பாறையில் ஆள் உண்டு. ஆனால் தோட்டக்காரர் நாடிபிடித்துக் கேட்கும் வைத்தியர் மருந்துக் கடைக் கவுண்ட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஏலக்காயை ஏலம் விடும் கூடத்தில் மாதிரியைக் கையில் உருட்டிப் பார்க்கிறார்களே, அங்கே போங்கள். எட்டு மில்லிமீட்டர் பருமன், பச்சை மாறாத நிறம், வழவழப்பான தோல். பேன் சுரண்டிய காயில் சொறி இருக்கும், கண்ணுக்குத் தெரியும், விலை விழும். விஷம் கண்ணுக்குத் தெரியாது, விலையும் விழாது. இந்தக் கணக்கு தெரிந்த எந்த விவசாயி பொறிவண்டை நம்பிக் காத்திருப்பான்?

பிறகு விஷம் ஊர்சுற்றக் கிளம்பியது. சபரிமலைப் பிரசாதமான அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகள் அளவுக்கு மேல் இருப்பதாகச் சோதனை சொல்ல, 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட டின்கள் முடங்கின. அரவணை உண்ணத் தகுந்ததுதான் என்று பின்னால் தெரிந்து, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதற்குள் பிரசாதத்துக்கே நாள் கடந்துவிட்டது. ஐயப்பனுக்கு விரதம் இருந்தவர்கள் நாம். விரதம் கலைத்தது ஏலக்காய்.

அடுத்த மாதமே, ஏப்ரலில், நமது உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிரச்சினையை வேரோடு தீர்த்தது. இந்தியாவில் பதிவே ஆகாத பூச்சிக்கொல்லிகள் மசாலாப் பொருளில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 0.1 ஆக்கியது. பத்து மடங்கு! செடியில் பூச்சியைக் குறைக்க முடியாதவர்கள் காகிதத்தில் விஷத்தைக் குறைத்துவிட்டார்கள். அதே மாதம் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் நம் மசாலாப் பொட்டலங்கள் சிலவற்றைக் கடை அலமாரியிலிருந்து இறக்கின. அவர்களுக்கு நம் காகிதம் படிக்கத் தெரியவில்லை போலும்.

அரேபியன் ஏலக்காய் போட்டுக் குடிக்கும் காவாவுக்கும் ஐயப்பனின் பாயசத்துக்கும் ஆய்வுக்கூடம் உண்டு. முதுகில் டேங்க்கோடு, வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, சரிவில் மருந்தடிக்கும் கூலிக்காரனின் ரத்தத்தில் எவ்வளவு என்று அளக்க எந்த நீதிமன்றமும் மாதிரி கேட்கவில்லை. அவனை இறக்குமதி செய்ய எந்த நாடும் ஆள் அனுப்பவில்லையே!

நறுமணப் பொருள் வாரியத்துக்கு ஒரு வார்த்தை. ஏலத் திரையில் எடை, விலை எல்லாம் ஓடுகிறதல்லவா? பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: என்ன மருந்து, எத்தனை முறை, கடைசியாக அடித்த தேதி. சொறிக்கு விலை குறைக்கிற வியாபாரி விஷத்துக்கும் குறைக்கட்டும். பொறிவண்டுகளை நீங்கள் விமானத்தில் வரவழைக்க வேண்டியதில்லை. கொல்வதை நிறுத்தினால் அவை தாமாகவே வேலைக்கு வரும்.