காத்திருப்பைக் களையெடுத்தவர்கள்

பணம் கட்டி ஆடும் ரம்மியைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்து வைத்தவர்களே, உங்களைப் புகழ வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஒரத்தநாட்டுப் பக்கம் மண்ணின் குணம் அறிந்தவர்கள் உண்டு. சுழி பார்த்து மாட்டின் குணம் சொல்பவர்கள் உண்டு. மனித மூளையை உங்கள் அளவுக்குப் பதம் பார்த்தவர்கள் இங்கே யாரும் இல்லை.

பந்தயம் எங்களுக்குப் புதிதில்லை. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் கடைசி வாய்க்கால் வரை எட்டுமா, கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளுமா, எதுவும் தெரியாமல்தான் விதை விடுகிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனாலும் எங்கள் பந்தயத்துக்கு நடுவே காலம் இருந்தது. சம்பா என்றால் நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை ஐந்து மாதம். அதற்குள் வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்வாள், பக்கத்து வயல்காரர் ஒன்று சொல்வார், நமக்கே ஒரு நாள் ராத்திரி விழிப்பு வந்து கணக்கு ஓடும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டினாலும் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்றால் திரும்பக் காயவைத்துக் காத்திருக்க வேண்டும். சீட்டாட்டம்கூட அப்படித்தான் இருந்தது. கல்யாண வீட்டு மாடியில் நாலு பேர் சேர வேண்டும், ஒருவர் கலைத்துப் போட வேண்டும், விடிந்தால் எழுந்து போக வேண்டும்.

அந்தக் காத்திருப்பு முழுவதையும் வேரோடு களையெடுத்தீர்களே, அதுதான் உங்கள் முதல் சாதனை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதம், ஒரத்தநாடு பேருந்து நிலையத்தருகே டீக்கடை பெஞ்சில் ஒரு தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். அப்பா பெயரில் போட்ட நெல்லுக்குப் பணம் ஏறிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. பட்டுக்கோட்டை பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தான். திரையில் பதின்மூன்று சீட்டு விரிந்தது. வலது கட்டைவிரல் மட்டும் அசைந்தது. நாலைந்து ஆட்டத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து, “ஒரே ஒரு சீட்டுண்ணே. டயமண்ட் எட்டு விழுந்திருந்தா டிக் அடிச்சிருப்பேன்” என்றான். உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு மறுபடி விரலை வைத்தான். டீயில் ஆடை படிந்துவிட்டது. பட்டுக்கோட்டை பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. அவன் ஏறவில்லை.

அந்த உள்ளங்கை வியர்வையைப் பற்றி 1990-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அயோவாவில் பெச்சாராவும் டமாசியோவும் நான்கு சீட்டுக்கட்டுகளை வைத்து ஆட்களை ஆட விட்டார்கள். இரண்டு கட்டுகள் பெரிய தொகை கொடுத்துப் பின்னால் அதைவிடப் பெரிதாகப் பிடுங்கும். எது கெட்ட கட்டு என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, அதன் பக்கம் கை போகும்போது ஆடுபவரின் தோல் வியர்க்கத் தொடங்கியது. நெற்றிக்குப் பின்னால், முன்மூளையின் அடிப்பகுதியில் சேதம் ஏற்பட்டவர்களுக்கு அந்த வியர்வை வரவில்லை. அவர்கள் கெட்ட கட்டையே எடுத்துத் தோற்றார்கள். தம்பிக்கு மூளையில் சேதம் ஒன்றும் இல்லை. அவன் கை சரியாகத்தான் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை அறிவுக்கு ஏறுவதற்குள் அடுத்த ஆட்டத்தைத் திரையில் விரித்து வைத்த உங்கள் வேகம் யாருக்கு வரும்?

ஒரு சீட்டுக் குறைச்சலின் அருமையையும் நீங்கள் அறிந்திருந்தீர்கள். கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மயிரிழையில் தவறிய தோல்வி, வெற்றியில் கிளம்பும் அதே மூளைப் பகுதிகளைக் கிளப்பியது. மனதுக்குக் கசப்பு, ஆனாலும் இன்னொரு முறை ஆட ஆசை கூடுகிறது. முழுக்கத் தோற்றவன் எழுந்து போய்விடுவான். ஒரு சீட்டில் தோற்றவன் பஸ்ஸை விடுவான்.

டோபமைன் என்கிறோமே, அது பரிசு கிடைத்த பிறகுதான் ஊறும் என்று பலர் நினைக்கிறார்கள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் குரங்குகளை வைத்து 2003-இல் கண்டது வேறு. பரிசு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருக்கும்போது, விடைக்காகக் காத்திருக்கும் அந்த நொடிகளில்தான் டோபமைன் நரம்பணுக்கள் மிக அதிகமாகத் துடித்துக்கொண்டே இருந்தன. எங்களுக்கு அந்தத் துடிப்பு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, வானம் கருக்கும்போது வரும். மணிக்குப் பல முறை வரவழைத்துக் கொடுத்த வள்ளல்கள் நீங்கள்.

ரம்மி தெரிந்தவர்களுக்கு ஸ்கூட் என்றால் என்னவென்று தெரியும். கை மோசமாக இருந்தால் தொடக்கத்திலேயே போட்டுவிடலாம், 20 புள்ளியோடு போகும். நடுவில் விட்டால் 40. பிடிவாதமாக நின்று தோற்றால் 80 வரை ஏறும். துணிவதா ஒதுங்குவதா என்று முடிவெடுக்கும் இப்படிப்பட்ட நொடியை ஸ்டான்ஃபோர்டில் குனெனும் நட்சனும் 2005-இல் மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். துணிந்து பணம் வைக்கப்போகும் நொடிக்கு முன் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்னும் ஆசை மூலை கிளம்பியது. வேண்டாம் என்று ஒதுங்கும் முன் இன்சுலா என்னும் பகுதி கிளம்பியது. இந்த இழுபறியில் நடுவர்போல் நிற்கும் முன்மூளை முழுதாக முற்றுவதற்கு இருபத்தைந்து வயதுபோல் ஆகிவிடும். அவசரம் என்று நாம் திட்டுவது பெரும்பாலும் நடுவர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும் ஆட்டம்தான். அந்த வயதுப் பிள்ளைகளைத் தேடித்தானே நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் விளம்பரத்துக்கு அனுப்பினீர்கள்? பழக்கமாகிவிடலாம், பணம் போகலாம் என்ற எச்சரிக்கையையும் நேர்மையாகச் சேர்த்தீர்கள், எந்தக் காதும் பிடிக்க முடியாத வேகத்தில்.

நீதிமன்றங்களில் நீங்கள் வைத்த வாதத்தை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ரம்மி திறமை ஆட்டம் என்றீர்கள். 1968-லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருக்கிறது. திறமைதான். இருபத்திரண்டு வயதுத் தம்பியின் கட்டைவிரலை இரண்டு பஸ் போகும்வரை பிடித்து வைப்பது சாதாரணத் திறமையா?

தமிழ்நாடு 2003-இல் லாட்டரியை ஒழித்தது. இணையச் சூதுக்கு எதிராக 2021-இல் வந்த சட்டத் திருத்தத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் புதுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மிக்கு அதிலும் விலக்குப் பெற்றீர்கள். 2025 பிப்ரவரியில்தான் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று விதி வந்தது. அதுவரை உங்கள் கடைக்குக் கதவே கிடையாது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது. சட்டம் நடந்து வந்து சேர்ந்தது. நீங்கள் அதற்கு முன்பே எங்கள் அறுவடையை முடித்திருந்தீர்கள்.

இனி உங்களிடம் எனக்குப் பேச்சில்லை. எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பணத்தை விட்டுவிட்டு வந்து நிற்கும் பிள்ளையைப் புத்தி கெட்டவன், திமிர் பிடித்தவன் என்று ஏசாதீர்கள். பார்க்கின்சன் நோய்க்கு டோபமைன் போலவே வேலை செய்யும் மாத்திரைகள் கொடுக்கிறார்கள். வாழ்நாளில் சீட்டைத் தொடாத பெரியவர்கள் சிலர், அந்த மாத்திரை தொடங்கியபின் சூதாட்டத்தில் விழுந்திருக்கிறார்கள்; மாத்திரையைக் குறைத்ததும் பலருக்கு அந்த வெறி அடங்கியிருக்கிறது. வளர்ப்பில் குறை என்று அவர்களைச் சொல்ல முடியுமா? சூதாட்ட நோயைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்துத்தான் 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேடு வகைப்படுத்துகிறது. மருத்துவம் உள்ள நோய் இது.

சட்டம் வந்தபின்னும் வேறு பெயர்களில் பந்தய இணைப்புகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வீட்டில் யாராவது விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் திரை வெளிச்சத்தோடு விழித்திருந்தால், கடன் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் பக்கத்தில் போய் உட்காருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி இருக்கிறது. இரவு பகல் எப்போதும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.