அப்டேட் அன்பர்

தமிழ்நாட்டில் சினிமா பார்ப்பவர்கள் பல வகை. பாட்டு வந்ததும் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போகிறவர், ஓ.டி.டி.யில் வரட்டும் என்று வீட்டிலேயே சாய்ந்துகொள்பவர், டி.வி.யில் விளம்பரங்களுக்கு நடுவே பார்த்தால்தான் திருப்தி அடைபவர் என்று எத்தனையோ பேர். இவர்கள் எல்லாரும் வந்த படத்தைப் பார்க்கிறவர்கள். வராத படத்தைப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரை அப்டேட் அன்பர் என்று அழைப்போம். வீட்டில் காஸ் சிலிண்டர் பதிந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் அம்மாவைக் கூப்பிடுவார். எந்தப் படத்துக்கு டப்பிங் முடிந்தது, எதற்கு ரீ-ரெக்கார்டிங் பாதியில் நிற்கிறது, எதற்கு இரண்டு நாள் பேட்ச் ஒர்க் பாக்கி என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வார். பாவம், ஒரு படத்துக்காக இப்படித் தவம் கிடக்கிறாரே என்று ஊர் அவருக்காகப் பரிதாபப்படுகிறது. அந்தப் பரிதாபம் வீண். அவர் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. காத்திருப்பதுதான் அவர் பார்க்கும் படம். தியேட்டரில் ஓடுவது அதன் கிளைமாக்ஸ் மட்டுமே, அதுவும் பெரும்பாலும் சுமாரான கிளைமாக்ஸ்.

அந்தப் படத்துக்கும் ஒழுங்கான திரைக்கதை உண்டு. இன்ன நடிகரும் இன்ன இயக்குநரும் சேர்கிறார்களாம் என்ற பேச்சில் அது தொடங்கும். நிறுவனம் மறுக்காமல் இருப்பது இரண்டாவது காட்சி. பிறகு பூஜை ஸ்டில், டைட்டில், ஃபர்ஸ்ட் லுக். அதே ஃபர்ஸ்ட் லுக்கில் கொஞ்சம் புகையும் நெருப்பும் அசைந்தால் மோஷன் போஸ்டர். அப்புறம் கிளிம்ப்ஸ், டீசர், ஃபர்ஸ்ட் சிங்கிள், அந்த சிங்கிள் வரப்போகிறது என்று சொல்ல ஒரு புரோமோ, ஆடியோ லாஞ்ச், டிரெய்லர், சென்சார் சான்றிதழ், படம் ஓடும் நேரம். இவற்றுக்கு நடுவே, நாளை மாலை 6 மணிக்கு ஓர் அறிவிப்பு வரும் என்று இன்று மாலை 6 மணிக்கு வரும் அறிவிப்புதான் இந்தக் கலையின் உச்சம். அதில் செய்தி என்று எதுவுமே கிடையாது. ஆனாலும் அன்பரின் குழுவில் அன்று இரவு முழுக்க உறக்கமில்லை. வருகிற அறிவிப்பு நல்லதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2025 பொங்கலுக்கு வரவேண்டிய 'விடாமுயற்சி' வராது என்ற செய்தி 2024 டிசம்பர் 31 அன்று வந்தது. புத்தாண்டு வாழ்த்தோடு வந்த இடி அது. ஆனால் அதுவும் ஓர் அப்டேட். புதுத் தேதி எதுவாக இருக்கும் என்று கணிக்கும் பெரும் பணி அன்றிரவே தொடங்கிவிடும்.

இது மிகை என்று நினைப்பவர்கள் அஜித் நடித்த 'வலிமை'யின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் 18 அன்று பூஜை போட்டார்கள். பிறகு கொரோனா வந்தது, அறிவிப்புதான் வரவில்லை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட் நடந்தபோது, எல்லைக்கோட்டருகே நின்ற மொயீன் அலியிடம் கேலரியிலிருந்து வலிமை அப்டேட் கேட்டார்கள். அவர் இந்திய அணியின் அஸ்வினிடம் போய் வலிமை என்றால் என்ன என்று விசாரித்தார். பர்மிங்ஹாம்காரரான ஆஃப் ஸ்பின்னருக்குத் தயாரிப்பாளர் போனி கபூரின் திட்டம் எப்படித் தெரியும் என்று கேட்பவர் அன்பர் உலகத்துக்கு வெளியே நிற்பவர். தெரிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை, ஆகவே இனித் தெரியாதவர்களைத்தான் கேட்டாக வேண்டும் என்பது அன்பரின் தர்க்கம். அதில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். கடைசியில் அஜித்தே பொறுமை காக்கச் சொல்லி அறிக்கை விட்டார். அப்டேட் கேட்காதீர்கள் என்ற அந்த அறிக்கையே அந்த மாதத்தின் அப்டேட் ஆனது. அடுத்து சட்டமன்றத் தேர்தல். கோவை தெற்கில் நின்ற வானதி சீனிவாசனிடம் ட்விட்டரில் ஒருவர் இதையே கேட்க, தான் ஜெயித்ததும் கிடைக்கும் என்று அவரும் வாக்குக் கொடுத்தார். மே 2 அன்று ஜெயித்தார், ஜூலை 11 அன்று மோஷன் போஸ்டர் வந்தது. எழுபதே நாளில் நிறைவேறிய தேர்தல் வாக்குறுதி நம் நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது? அவரிடம் தோற்றவர் கமல்ஹாசன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'விக்ரம்', 'இந்தியன் 2' என்று இரண்டு அப்டேட் பாக்கி வைத்திருந்தவரை, இன்னொருவர் படத்துக்கு அப்டேட் தருவதாகச் சொன்னவர் வென்றுவிட்டார்.

ஆவலாகக் காத்திருப்பது எல்லாருக்கும் உள்ள குணம்தானே, இதில் தனியாக என்ன கலை என்று கேட்கலாம். மற்றவர்கள் சும்மா காத்திருக்கிறார்கள். அன்பர் வேலை செய்துகொண்டே காத்திருக்கிறார். 2023 பிப்ரவரி 3 அன்று 'லியோ' என்ற பெயரை அறிவித்த வீடியோவில் விஜய் ஒரு பக்கம் சாக்லேட் செய்கிறார், இன்னொரு பக்கம் வாள் அடிக்கிறார். நாமாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்போம். அன்பர் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, சுவரில் விழுந்த நிழல் வரைக்கும் ஆராய்ந்தார். 'கைதி'யும் 'விக்ரமு'ம் நடக்கும் லோகேஷ் கனகராஜின் உலகத்தில் இந்தப் படம் சேருமா, சேராதா? ஆய்வேடு எழுதுகிறவர்கள்கூட மேற்கோளுக்கு இவ்வளவு மெனக்கெடுவதில்லை. எட்டரை மாதம் நடந்த அந்த விவாதத்துக்கு அக்டோபர் 19 அன்று படத்தின் முடிவில் ஒரு தொலைபேசிக் குரல், சேரும் என்று விடை சொன்னது. விடை தெரிந்த நிமிடமே விவாதமும் தீர்ந்தது. அறிவு கிடைத்ததில் மகிழ வேண்டியவர்கள் கைவேலை போனவர்கள்போல் ஆனார்கள். நல்லவேளையாக, அந்தக் குரல் அடுத்து எந்தப் படத்தில் வரும் என்ற கேள்வி உடனே கிடைத்து எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள்.

படத்தை விடப் படத்தைச் சுற்றிய பேச்சுக்குத்தான் ஆயுள் அதிகம் என்பதற்குக் காக்கை, கழுகுக் கதையை விட நல்ல சாட்சி இல்லை. 2023 ஜூலையில் 'ஜெயிலர்' ஆடியோ லாஞ்சில் ரஜினிகாந்த் அந்தக் கதையைச் சொன்னார்: காக்கை சீண்டும், கழுகு பதிலுக்குச் சண்டை போடாமல் இன்னும் உயரே பறந்துவிடும். கழுகு யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காக்கை யார், விஜய்யா என்ற ஆராய்ச்சி மட்டும் அன்றிரவே ஆரம்பமானது. நவம்பர் 1 அன்று 'லியோ' வெற்றி விழாவில் விஜய் தானும் ஒரு காட்டுக் கதை சொல்லி, பறவைகளின் பெயர்களை அதில் போகிறபோக்கில் உதிர்த்தார். அரங்கம் அதிர்ந்தது. கடைசியில் 2024 ஜனவரியில் 'லால் சலாம்' விழாவில் ரஜினியே விளக்கம் சொல்லி முற்றுப்புள்ளி வைக்க வேண்டியிருந்தது. 'ஜெயிலர்' வந்தது ஆகஸ்ட் 10 அன்று. படம் தியேட்டரை விட்டு இறங்கி, ஓ.டி.டி.யிலும் பழசாகிப்போன பிறகும் அதன் விழா மேடையில் சொன்ன குட்டிக்கதை ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம், மூன்று மேடை, டிக்கெட் கிடையாது. இதற்கு மேலும் ஒரு ரசிகன் என்ன கேட்பான்?

இதெல்லாம் செல்போன் கெடுத்த தலைமுறையின் நோய் என்று சொல்லும் மூத்தவர்கள் தங்கள் இளமையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1948-ல் 'சந்திரலேகா' வந்தபோது எஸ்.எஸ். வாசன் செய்த விளம்பரம் நாடு முழுக்கப் பேச்சானது. படம் பார்ப்பதற்கு முன்பே ஊர் படத்தைப் பேசி முடித்திருந்தது. 1958-ல் 'நாடோடி மன்னன்' வந்த காலத்தில் பத்திரிகைகளுக்கு ஸ்டில்லும் செய்தியும் கொண்டுபோய்ச் சேர்த்தார் பிலிம் நியூஸ் ஆனந்தன். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அவரைச் சொல்கிறார்கள். செய்தி கொண்டுபோக ஆள் வைக்கும் அளவுக்கு அதைக் கேட்க ஆள் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? சினிமாப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்கு, தலைவரின் அடுத்த படம் எப்போது என்று அஞ்சலட்டை எழுதிப் போட்டவரும், இன்று தயாரிப்பு நிறுவனத்தின் தீபாவளி வாழ்த்துக்கு அடியில் "ப்ரோ, அப்டேட்?" என்று எழுதுகிறவரும் ஒரே குலம். அன்று பதில் அச்சாகி வர மாதக் கணக்கில் ஆகும். இன்று நொடியில் வருகிறது, அல்லது வருவதேயில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு குற்றச்சாட்டு கனமானது. நிறுவனங்களுக்கு அன்பர் சம்பளமில்லாத விளம்பர ஊழியர், அவருடைய ஆவலை வைத்து யாரோ காசு பார்க்கிறார்கள் என்பது. 2016-ல் 'கபாலி' வந்தபோது ஒரு விமானத்திலேயே படத்தை வரைந்து பறக்கவிட்டார்கள், சில அலுவலகங்கள் ரிலீஸ் அன்று விடுமுறை விட்டன. இவ்வளவு ஆரவாரத்தையும் ஓசியில் உண்டாக்கிக் கொடுத்தது ரசிகரின் எதிர்பார்ப்புதான், மறுக்க முடியாது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 'வலிமை' பூஜை நாளிலிருந்து அது வெளிவந்த 2022 பிப்ரவரி 24 வரை 860 நாள். படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் டிக்கெட். மற்ற இருபதாயிரம் சொச்சம் மணி நேரத்துப் பொழுதுபோக்கும் நட்பும் சண்டையும் முற்றிலும் இலவசம். இவ்வளவு மலிவாக ஒரு மனிதனை இரண்டு வருஷம் உற்சாகமாக வைத்திருக்கும் பொருள் சந்தையில் வேறு இருந்தால் சொல்லலாம். அவர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அது முதல் நாள் ரசிகர் காட்சிக்கு அச்சிட்ட விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து டிக்கெட் வாங்குமிடம். அதாவது, காத்திருப்பில் லாபம் பார்த்தவர் படத்தில்தான் நஷ்டப்படுகிறார்.

சிரிக்க முடியாத பக்கமும் இதில் இருக்கிறது. 2023 ஜனவரியில் 'துணிவு' நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில், ஓடும் லாரியில் ஏறி ஆடிய இளைஞர் விழுந்து உயிரிழந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்று, முதல் காட்சி காலை 9 மணிக்கு என்றானது. அது சரியான முடிவு. விடிகாலைக் காட்சிக்காகப் பாலக்காட்டுக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்த பிறகும் அது சரியான முடிவுதான். அதே ஆண்டு அக்டோபரில் சென்னை ரோகிணி தியேட்டரில் ரசிகர்கள் இருக்கைகளைக் கிழித்தார்கள். அதற்கு வக்காலத்து கிடையாது. ஆனால் திரையில் அன்று ஓடியது படம் அல்ல, மூன்று நிமிடத்துக்கும் குறைவான 'லியோ' டிரெய்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். தவிர, அசல் அன்பர் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டார். நாற்காலி மேல் ஏறி ஆடினால் டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியாது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது முறை ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்.

படமும் காத்திருப்பும் வேறு வேறு என்பதைச் சோதித்துப் பார்க்க இரண்டு படங்கள் போதும். சுந்தர் சி. - விஷாலின் 'மத கஜ ராஜா' 2013 பொங்கலுக்கு வரவேண்டியது. 2025 ஜனவரி 12 அன்று வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அதற்காக யாரும் கிரிக்கெட் வீரரைத் தொந்தரவு செய்யவில்லை. போகிறபோக்கில் தியேட்டருக்குள் நுழைந்த குடும்பங்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்தன, படம் அந்தப் பொங்கலின் வெற்றிப் படமானது. காத்திருப்பு இல்லாமலே ஒரு படம் ஜெயிக்கலாம் என்று அது காட்டியது. 'மருதநாயகம்' இதற்கு நேர் எதிர். 1997 அக்டோபர் 16 அன்று எலிசபெத் மகாராணியே வந்திருந்து தொடங்கிவைத்த படம். முடியவே இல்லை. ஆனால் கமல்ஹாசன் எந்த மேடை ஏறினாலும் அந்தக் கேள்வி கூடவே ஏறியது. படம் இல்லாமலே ஒரு காத்திருப்பு கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடலாம் என்று இது காட்டியது. சொல்லப்போனால் அன்பரின் பார்வையில் குறையே இல்லாத தமிழ்ப் படம் 'மருதநாயகம்' ஒன்றுதான். இரண்டாம் பாதி இழுவை என்று அதைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

ஆகவே, எதிர்பார்த்த படம் கவிழ்ந்த மறுநாள் அன்பரைத் தேடிப்போய் ஆறுதல் சொல்லத் தேவையில்லை. துக்கம் விசாரிக்கப் போகிறவரை அவர் உட்காரவைத்து, அதே இயக்குநர் அடுத்து யாரோடு சேர்கிறார், எந்த ஊரில் லொகேஷன் பார்க்கிறார், டைட்டில் எந்த எழுத்தில் தொடங்கும் என்று ஒரு மணி நேரம் விளக்குவார். நேற்றைய தோல்வியை ஏன் இவர் உணரவில்லை என்று வந்தவர்தான் குழம்புவார். குழம்ப ஒன்றுமில்லை. தோற்றது தயாரிப்பாளரின் படம். அன்பர் பார்த்தது இரண்டு வருஷம் ஹவுஸ்ஃபுல்லாக ஓடி முடிந்தது. அதற்கு நிறுவனம் இன்னும் ஒரு வெற்றி விழாகூட எடுக்கவில்லையே என்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே மனக்குறை. அந்த விழா எப்போது என்று அதன் பக்கத்தில் இந்நேரம் கேட்டும் இருப்பார்.