கடைமடைக்கு வந்த வெள்ளம்

மகாகனம் பொருந்திய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தார் சமூகத்துக்கு, தஞ்சாவூர் ஜில்லா பேராவூரணியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொள்ளும் விக்ஞாபனம்.

ஷார்ஜாவில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன், அமெரிக்காவில் மோதியும் நசுங்கியும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளால் கைகழுவப்பட்டு ஏலத்துக்கு வரும் மோட்டார் கார்கள் கப்பலேறி அந்தப் பக்கம் வந்திறங்குவதையும், பட்டறைக்காரர்கள் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, வர்ணம் அடித்து அவற்றுக்குப் புது முகம் வைத்துவிடுவதையும் கண்ணாரக் கண்டவனாகையால், “அத்தான், உங்களுக்கு ஒண்ணு அனுப்பட்டுமா?” என்று 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போனில் கேட்டான். ஆசை யாரை விட்டது? ஆயினும் சட்டத்துக்குப் பயந்த குடும்பமாகையால், முதலில் தங்கள் விதிகளைத் தருவித்து வாசித்தேன்.

வாசிக்க வாசிக்க மெய்சிலிர்த்தது. அந்நிய தேசத்தில் ஓடிய வண்டி, தயாரான தேதியிலிருந்து 3 ஆண்டுக்கு மேற்பட்டதாயிருக்கலாகாது. ஸ்டியரிங் வலப்புறம் இருக்க வேண்டும். முகவிளக்கின் ஒளி, இடப்புறம் செல்லும் நமது போக்குவரத்துக்கு இசைய விழ வேண்டும். வந்திறங்கிய நாள்முதல் 5 ஆண்டு சாலையில் ஓடும் தகுதி அதற்கு உண்டென்று உத்தரவாதம் வேண்டும். இத்தனையும் வாய்த்த பிறகும் மும்பைத் துறைமுகம் வழியாகவே அது பிரவேசிக்க வேண்டும். பிரவேசித்த பின்னும் புனே முதலிய ஸ்தலங்களிலுள்ள பரிசோதனைச் சாலை ஒன்றில் தேற வேண்டும். எங்கள் பக்கத்துச் சம்சாரி உழவுமாட்டுக்குச் சுழி பார்ப்பதுகூட இத்தனை சூக்ஷ்மமாக இராது. “வேண்டாமப்பா” என்று மைத்துனனுக்குச் சொல்லிவிட்டு, சுதேசி வண்டி ஒன்றை உள்ளூர்த் தரகர் மூலமாக வாங்கினேன்.

சென்னைப் பதிவு எண். வெள்ளி நிறம். நீலகண்டப் பிள்ளையார் சந்நிதியில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்தோம். நான்காம் மாதம், வானத்தில் மேகமே இல்லாத ஒரு நடுநிசியில், நிறுத்தியிருந்த வண்டி தானாகவே ஹாரன் அடித்துத் தெருவை எழுப்பியது. மறுநாள் பட்டறைத் தம்பி எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பிடித்தான். ஒரு முழத்துக்கு மேலே, ரேழிச் சுவரில் ஓதம் ஏறிய மாதிரி, செம்பழுப்பாக ஒரு கோடு. பிறகு சீட்டைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தான். “அண்ணே, இது தண்ணியில நின்ன வண்டி.”

நான் வண்டல் அறிந்தவன். இது காவிரி வண்டல் அன்று. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் நாங்கள், மேட்டூர் திறந்து எத்தனை நாளில் தண்ணீர் வந்து சேரும், வந்தால் முறை எத்தனை நாள் என்று வாய்க்கால் கரையில் காத்துக் கிடப்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்டிருக்கிறோம். 2023 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளமோ மதகு, முறை, மனு யாதொன்றும் வேண்டாமல், பின் சீட்டில் அமர்ந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்திறங்கிவிட்டது.

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. பழுது பார்க்கும் செலவு, இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் கண்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘டோட்டல் லாஸ்’. உடைமைக்காரருக்குப் பணம், உடலுக்கு ஏலம். மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவு, இனி ஓடவே தகுதியற்றுப்போன வண்டியைப் பற்றி அதன் உடைமைக்காரர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டுமென்கிறது. பணம் வாங்கிக்கொண்டு போனவருக்கு அந்தப் பிரேதத்தைப் பற்றி என்ன கவலை? ஏலம் எடுத்தவரோ அதை ஓட வைக்கவே எடுத்தவர். ஆகவே, வண்டிக்குள் அத்தனை தண்ணீர் புகுந்தும் ஆர்.சி. புத்தகத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இதில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’ என்று பொறித்துவிடுகிறார்களாம். ஜப்பானிய ஏலச்சீட்டில் அடிபட்டுச் சீரான வண்டிக்கு ‘ஆர்’ என்று குறி போடுவார்களாம். தன் வியாதியை நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறவனைத் துறைமுகத்திலேயே மறித்துத் தாங்கள் என்னைக் காப்பாற்றியது மெத்தச் சரி. ஆனால் தரகர் என் வண்டிக்குச் சொன்ன பூர்வோத்தரம், “டாக்டர் ஓட்டின வண்டி சார்” என்பதே.

இது தங்கள் இலாகா அன்று, போக்குவரத்து இலாகாவைச் சேர்ந்தது, அல்லது ஐதராபாத்திலுள்ள இன்ஷூரன்ஸ் ஆணையத்தைச் சேர்ந்தது என்று பதில் வரக்கூடுமென்பதை அறிவேன். அதனால்தான் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டே பிரார்த்திக்கிறேன்: சென்னையைக் கிருபை கூர்ந்து அந்நிய தேசமாகப் பிரகடனம் செய்து, அங்கிருந்து பேராவூரணிக்கு வரும் பழைய கார் ஒவ்வொன்றும் இனி மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டுமென்று ஆக்ஞை பிறப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் விதிகளால் ரக்ஷிக்கப்பட்ட பிரஜை.

இணைப்பு: சீட்டுக்கடி வண்டல், பொட்டலம் ஒன்று.